மாமியார் கூண்டுக்குள் வரவில்லை

அன்புள்ள மகன் ட்ராய்க்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், அந்த மட்டில் ஆண்டவருக்கு நன்றி. நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் உன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறேன். கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே, யாரும் சாகவில்லை. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் 'வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. வசந்தகாலத்தில் இருந்து இப்படித்தான் ஓடுகிறது. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நார்வேக்குத் தபால் போய்ச்சேர எவ்வளவு நாள் ஆகும் என்று தபால் ஆபீஸ் பெண்ணைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை, அவள் நார்வே எங்கே இருக்கிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

இங்கே வெயில் வறுக்கிறது. ஜூலைக்குப் பிறகு ஒரு சொட்டு மழை கிடையாது, குட்டையில் தண்ணீர் வற்றி ஆமைகள் ரோட்டில் நடக்கின்றன. அடேலா அத்தைக்கு இடுப்பு எலும்பு மாற்றியதில் இருந்து கைத்தடியோடு நடக்கிறாள், அந்தத் தடியை வைத்து எல்லாரையும் சுட்டிக்காட்டிப் பேசுவதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம். கோயில் திருவிழாவுக்கு நான் கசகசா வைத்த கொலாச்சி பன் செய்து கொண்டுபோனேன், ஃபாதர் நாலு எடுத்துக்கொண்டு 'ட்ராய் எப்படி இருக்கான்' என்று கேட்டார், நான் 'இருக்கான் ஃபாதர்' என்றேன், அதற்குமேல் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது. உன் நாய் பிஸ்கட் இருக்கானே, அவனை ஒரு ஆண்பன்றி விலாவில் கிழித்துவிட்டது, தையல் போட்டுப் பிழைத்துக்கொண்டான், ஆனால் இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. பன்றி உறுமும் சத்தம் கேட்டால் எழுந்து வந்து என் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொள்கிறான். அப்பா அவனைப் பார்த்து, 'நீயாவது புத்திசாலிடா' என்றார்.

பேச்சு பன்றிக்கு வந்துவிட்டது, வராமல் எங்கே போகும். இனிச் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலில் இருந்தே எழுதுகிறேன், ஏனென்றால் தெரியாத பாதியைத் தனியாக எழுத எனக்கு வரவில்லை. மார்ச்சில் கீழ்வயலில் மக்காச்சோளம் விதைத்தோம். விதைத்த மறுநாளே காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து, நம் இயந்திரம் எந்தக் கோட்டில் போனதோ அதே கோட்டில் மண்ணுக்குள் மூக்கை விட்டு, ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போயின. அப்பா வயல் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு என்னிடம், 'நான்கூட இவ்வளவு நேரா ஓட்டல பெர்னி' என்றார். மறுபடி விதைத்தார், மறுபடி தின்றன. அந்த வயலை நம்பித்தான் வருஷம் முழுக்க ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், கிறிஸ்துமஸுக்கு நீ பேசும்போது, 'இலையுதிர் காலத்துல என் காண்ட்ராக்ட் முடியுதுப்பா, நான் வந்துடறேன், கீழ்வயலை நாம ரெண்டு பேரும் சேந்து பாப்போம்' என்று சொன்னாய். அன்று இரவு அப்பா ரேடியோவுக்குச் சேர்ந்து பாடினார், முப்பது வருஷத்தில் நான் கேட்காத பாட்டு. அதனால் அந்த வயல் அவருக்கு வயல் மட்டும் இல்லை, நீ வந்து இறங்கப்போகிற இடம்.

துப்பாக்கியால் ஆகாது என்று அவருக்குத் தெரியும். ரெண்டைச் சுட்டால் ரெண்டு விழும், மிச்சம் நாலு பக்கமும் சிதறி நாலு கூட்டமாகிவிடும். மொத்தக் கூட்டத்தையும் ஒரே அடியாக அடைத்தால்தான் உண்டு. அதனால் கீழ்வயலின் வடக்கு ஓரத்தில், புதர்க்காட்டில் இருந்து அவை இறங்குகிற இடத்தில், மாட்டுப்பட்டிக் கம்பிகளை வட்டமாக நட்டு, போனில் அமுக்கினால் மேலே இருந்து தொப்பென்று விழுகிற கதவும், போனிலேயே படம் தெரிகிற கேமராவும் வைத்தார். சோளத்தை டிரம்மில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, பீர் ஊற்றி, நான் கோயில் விருந்துக்கு வாங்கி வைத்திருந்த ஸ்ட்ராபெரி ஜெல்லித் தூளையும் என்னைக் கேட்காமல் கொட்டிவிட்டார். 'பன்னிக்கு ஸ்ட்ராபெரின்னா உசுரு' என்று எனக்கே பாடம் வேறு. கொல்லைப்பக்கம் போனால் குமட்டும். அப்படி வாரக்கணக்கில் கதவைத் தூக்கிக் கட்டிவைத்துக்கொண்டே, விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி தினமும் போட்டார். முதலில் குட்டிகள் வந்தன, பிறகு இளசுகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் அவள் வந்தாள், இடது காது கிழிந்த, வயிறு தரையில் தேய்கிற அந்தக் கறுப்புப் பெண்பன்றி. வெளியே நின்று எல்லாரும் தின்பதைப் பார்ப்பாள், குற்றம் கண்டுபிடிப்பாள், பிறகுதான் காலை எடுத்துவைப்பாள். அதைப் பார்த்துத்தான் அப்பா அவளுக்கு மாமியார் என்று பெயர் வைத்தார். என் அம்மாவை நினைத்து வைத்த பெயர், எனக்கா தெரியாது.

கதவைப் போடுகிற வேலையை நீதான் கேட்டு வாங்கினாய். விடியும் முன்னால்தான் அவை வருகின்றன, அந்த நேரத்துக்கு அப்பா நாற்காலியில் தூங்கி விழுகிறார், எனக்கு அந்தப் போனில் எதை அமுக்கினாலும் வேறெதாவது நடக்கிறது. நீதான், 'எனக்கு அப்ப மத்தியானச் சாப்பாட்டு நேரம்ப்பா, கையில போன் சும்மாத்தான் இருக்கும், நான் பாத்துக்கறேன்' என்றாய். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தீவனக் கடையில் போய், 'எம் புள்ளை கடலுக்கு அந்தப்பக்கம் உக்காந்து என் வயலைக் காவல் காக்கிறான், உங்க புள்ளைங்க பக்கத்து ரூம்ல இருந்து எந்திரிச்சு வராதுங்க' என்று சொல்லிவிட்டு வந்தார். உனக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், 'எல்லாம் உள்ள போகணும், மாமியார் உள்ள போகணும், அதுவரைக்கும் கை வைக்காத' என்று. அவள் வெளியே இருக்கும்போது கதவு விழுந்தால் அதை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள், இனிமேல் பெறுகிற குட்டிகளுக்கும் கற்றுக்கொடுத்துவிடுவாள், பிறகு கூண்டு வெறும் கம்பிதான். நீயும் பொறுமையாக இருந்தாய், எனக்குத் தெரியும். கடைசி வாரத்தில் அவளும் தினமும் உள்ளே போய்த் தின்றாள், நீயே பார்த்துவிட்டு, 'நாளைக்குப் போட்டுரலாம்ப்பா' என்றாய்.

அந்த நாளைக்கு நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். சின்னவை எல்லாம் உள்ளே போய்த் தின்கின்றன, அவள் வாசலில் பாதி உடம்பை உள்ளே விட்டு நிற்கிறாள், திடீரென்று தலையைத் தூக்குகிறாள். பின்னால் நின்ற பெரிய பெண்பன்றிகளும் தூக்குகின்றன. அவள் திரும்பிவிட்டாள், உள்ளே இருந்தவையும் வெளியே வரத் திமிறுகின்றன, நீ அமுக்கிவிட்டாய். குட்டிகளும் இளசுகளும் மாட்டின, பெற்றுப்போடுகிறவை எல்லாம் அவளோடு காட்டுக்குள் போய்விட்டன. நீ போனில் அழுகிற குரலில், 'பொறுத்திருக்கணும்ப்பா, பதறிட்டேன், மன்னிச்சுக்கப்பா' என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். அப்பா, 'சரி விடு, பரவால்ல' என்றார். அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது. இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் மனுஷன் நொந்துபோயிருக்கிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நீ போனை எடுப்பதை நிறுத்தினாய்.

மாட்டியவற்றை அப்பா சுட்டு, கறியைக் கோயில் சமையல் கூடத்துக்கு அனுப்பினார், சாசேஜ் போட்டார்கள். நான் தொடவில்லை. அவர் சொன்னபடியே ஆயிற்று. மாமியார் அதற்குப் பிறகு கூண்டுப் பக்கம் வரவே இல்லை, கம்பியைப் பார்த்தாலே கூட்டத்தைச் சுற்றுவழியில் கூட்டிப்போகிறாள். கூண்டைப் பிடுங்கி இடம் மாற்றிப் பார்த்தார், இலை தழை போட்டு மூடிப் பார்த்தார், ஜெல்லித் தூளில் ராஸ்பெரி வாங்கிப் போட்டுப் பார்த்தார். ரக்கூன்கள்தான் வந்து கொழுத்தன. மூன்றாவது தடவை விதைக்கப் பருவமும் தப்பிவிட்டது, அவருக்கு மனமும் இல்லை. கீழ்வயலில் இப்போது ஆளுயரக் களை. ஜூனில் அந்தக் கூட்டம் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து புல்லைப் புரட்டிப் போட்டது, உன் தாத்தா கல்லறைமேல் நான் நட்ட ஐரிஸ் பூச்செடிக் கிழங்குகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டது. அப்பா மண்வெட்டியோடு போய் மண்ணைச் சரிசெய்துவிட்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். வரும் வழியில் வண்டியில் எனக்கு அழுகையாக வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வடக்கே புதர்க்காட்டை வாங்கின டல்லஸ்காரர் ஹால்ஸ்டெட்டை உனக்கு நினைவிருக்கும். அங்கே வேட்டைக்கு ஆள் கூட்டிவந்து தங்கவைக்கிறார் அல்லவா, ஆளுக்கு ஒரு பன்றி சுட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர் காட்டில் படுக்கின்றன, நம் வயலில் சாப்பிடுகின்றன. அப்பா போன மாசம் போய், 'உங்க பக்கமும் ஒரு கூண்டு வைங்க, ரெண்டு பேரும் சேந்தாத்தான் இதை அடக்க முடியும்' என்று கேட்டுப் பார்த்தார். அந்த மனுஷர் நல்ல மரியாதையாக உட்காரவைத்து ஐஸ் போட்ட டீ கொடுத்து, 'ஏர்வின் சார், பன்னியே இல்லேன்னா என்கிட்ட வர்றவங்க எதுக்கு வருவாங்க, நீங்களே சொல்லுங்க' என்று சிரித்தாராம். போகும்போது தன் கேம்ப் பெயர் போட்ட தொப்பி ஒன்றும் கொடுத்தார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அடுப்புக்குப் பின்னால் வீசினார். பிறகு அந்த மனுஷரே ரெண்டு தடவை வந்து கீழ்வயலைக் குத்தகைக்குக் கேட்டார், விதைக்க அல்ல, களை அப்படியே இருக்கட்டும், ஓடை ஓரத்துப் பீக்கன் மரத்தில் பரண் கட்டி ஆட்களை உட்காரவைக்க. நான் அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. 'பன்னிக்கு ஆக்கிப் போட்டது போதும், இனி அவரே போடட்டும்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதோடு விட்டதா, வருகிறவர்களை வண்டியில் பரண் வரை கொண்டுபோய் விட ஒரு ஆள் வேண்டும், வழி தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அதற்கும் இவர் தலையாட்டியிருக்கிறார். நேற்று அடுப்புக்குப் பின்னால் கைவிட்டு அந்தத் தொப்பியை எடுத்து, தூசி தட்டி, தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

இனி உனக்குத் தெரியாத பாதி. அந்தக் கேமராவை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் போனில் படத்தின் மூலையில் சின்னதாக ஒரு கண்ணும், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணும் வரும், உனக்கே தெரியும். ஒரு நாள் விடிகாலையில், பன்றி ஏதாவது வந்திருக்குமோ என்று நான் அதைத் திறந்தேன். கூண்டு காலியாக இருந்தது. மூலையில் ரெண்டு என்று காட்டியது. அப்பாவாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன், அவர் போன் சமையலறையில் சார்ஜில் கிடக்கிறது, அவர் குறட்டை விடுகிறார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மறுநாளும் திறந்தேன், ரெண்டு. அதற்கு மறுநாளும். உன் சாப்பாட்டு நேரம் முழுக்க நீ அந்தக் காலிக் கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்த அன்று என் காப்பி அப்படியே ஆறிப்போயிற்று. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் அதையும் நிறுத்திவிடுவாய் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அதில் இருந்து தினமும் காப்பியை எடுத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்காருகிறேன். நீ அங்கே, நான் இங்கே, நடுவில் ஒரு காலிக் கூண்டு. அப்படியாவது உன்னோடு கொஞ்ச நேரம் இருந்தேன் என்று வைத்துக்கொள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. 'உங்க புள்ளை இன்னும் அந்தக் கூண்டைப் பாத்துக்கிட்டு இருக்கான், தான்தான் கெடுத்தோம்னு நெனச்சு மாஞ்சு போறான், ஒரு வார்த்தை பேசினா என்ன' என்றேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, 'அவன் கெடுக்கல பெர்னி. அன்னிக்கு நான் அங்க இருந்தேன்' என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. கீழ்வயலின் தெற்கு ஓரத்தில் அந்தப் பழைய வைக்கோல் கட்டும் இயந்திரம் துருப்பிடித்துக் கிடக்கிறதே, அதற்குப் பின்னால் நின்றிருக்கிறார். போனைக்கூட வெளிச்சம் தெரியும் என்று வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று காலையில் அவர் பூட்ஸ் பின்வாசலில் ஈரமாகக் கிடந்தது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, மாட்டைப் பார்க்கப் போயிருப்பார் என்று இருந்துவிட்டேன். எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். 'கதவு விழற சத்தத்தைக் காதால கேக்கணும்னு இருந்துது. அவ்வளவு நாள் போட்டிருக்கேன், படத்துல பாத்தாப் பத்தல' என்றார். மாமியாருக்கு அவர் வாசனை எட்டிவிட்டது. அவள் தலையைத் தூக்கியது அதற்குத்தான்.

ட்ராய், உன்னை ஏழு வயதில் காட்டுக்குக் கூட்டிப்போன நாளில் இருந்து அவர் சொன்னது ஒன்றுதான், எனக்கே மனப்பாடம். 'பன்னிக்குக் கண்ணு அரை, மூக்குதான் முழுசு. காத்து உன் மொகத்துல அடிக்கணும். முதுகுல அடிச்சா துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிடு.' எத்தனை தடவை நீங்கள் ரெண்டு பேரும் காற்றைக் காரணம் காட்டி வெறும் கையோடு வந்து நின்றிருக்கிறீர்கள், நானும் ஆறின சாப்பாட்டை மறுபடி சூடு பண்ணியிருக்கிறேன். அப்படிப்பட்டவர் இப்படிச் செய்தாரா என்று கேட்டால், 'போகும்போது நல்லாத்தான் இருந்துது, காத்து திடீர்னு மாறிருச்சு' என்கிறார். காற்றுதானே, வந்து மறுத்துப் பேசவா போகிறது. எனக்குக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. 'பெத்த புள்ளை தலையில பழியைப் போட்டுட்டு இத்தனை மாசமா எப்படிங்க உங்களுக்குத் தொண்டையில எறங்குது' என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசினதில்லை. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். 'அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். அவன் மன்னிச்சுக்கப்பா மன்னிச்சுக்கப்பாங்கிறான், எனக்கு வாய் வரல. என்கூடச் சேந்து வெவசாயம் பாக்க வர்றேன்னவன், அப்பனே இப்படி ஒரு மடையன்னு தெரிஞ்சா எதுக்கு வருவான்னு இருந்துது. அப்புறம் நாளாக நாளாகச் சொல்லவே முடியல' என்றார். நீ வரவேண்டும் என்று மறைத்திருக்கிறார், மறைத்ததால்தான் நீ பேசுவதையே நிறுத்திவிட்டாய். நான் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன், கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆகவே கண்ணு, நீ கெடுக்கவில்லை. நீ அமுக்காமல் இருந்திருந்தால் அந்தக் குட்டிகள்கூட மாட்டியிருக்காது. இதை நீ தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன். இதனால் எதுவும் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, பொய் சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. கையெழுத்துப் போட்டது போட்டதுதான், ஐந்து வருஷத்துக்கு அந்த வயல் நமக்கு இல்லை, ஐந்து வருஷத்துக்குப் பிறகு அப்பாவுக்கு டிராக்டரில் ஏற முழங்கால் இருக்காது. மாமியாருக்கு இப்போது புதுக் குட்டிகள், போன வாரம் ரோட்டைக் கடக்கும்போது பார்த்தேன், வண்டியை நிறுத்தி வழிவிட்டேன், வேறு என்ன செய்ய. நீ இலையுதிர் காலத்தில் வருகிறேன் என்றாயே, அதை நம்பி அங்கே வேலையை விட்டுவிடாதே. காண்ட்ராக்ட் நீட்டித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள். இதை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உனக்குத் தெரியாது, வா வா என்று கூப்பிட்ட கையால் வராதே என்று எழுதுகிறேன். நிலத்துக்காக வராதே என்றுதான் சொல்கிறேன். வந்தால் விருந்தாளி மாதிரி வா, சாப்பிடு, தூங்கு, அத்தையிடம் தடியால் ஒரு குத்து வாங்கிக்கொள், திரும்பிப் போ. அப்பாவை அந்தத் தொப்பியோடு பார்த்தால் ஒன்றும் கேட்காதே.

அங்கே குளிர் தொடங்கிவிடும், கம்பளிக் காலுறை போட்டுக்கொள், நான் அனுப்பினவை சின்னதாகிவிட்டால் சொல். டப்பாவில் அடைத்த மீனையே தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, அதைக் காட்டினாயா, நீ காட்டியிருக்கமாட்டாய். ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கத்தில் இல்லை என்று சாக்குச் சொல்லாதே, இருந்த இடத்தில் ஒரு ஜெபமாவது சொல். உன்னோடு வேலை பார்க்கிற அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு தடவை பேசினாய், பிறகு பேசவில்லை. அதையும் நான் கேட்கவில்லை, கேட்டதாக வைத்துக்கொள்ளாதே.

ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற சனிக்கிழமை அப்பா கூண்டைப் பிரிக்கிறார், ஹால்ஸ்டெட்டின் ஆட்கள் பரண் கட்ட வருகிறார்களாம். கேமராவையும் கழற்றிவிடுவார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே படம் இருட்டாகியிருக்கும், ஏதோ கெட்டுப்போயிற்று என்று நினைத்திருப்பாய். கெடவில்லை. பார்க்க இனி அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு நான் வழக்கம்போல் காப்பியோடு உட்கார்ந்துதான் இருப்பேன், உனக்கும் அப்போது சாப்பாட்டு நேரம்தான். கூப்பிடு.

இதை உறையில் போட்டு ஒட்டாமல் மேசைமேல் வைக்கப் போகிறேன். அப்பா வாசிக்கட்டும், அவருக்குத் தெரியாமல் எழுதினேன் என்று இருக்கவேண்டாம். அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். எழுதினால் எழுதட்டும். எழுதாவிட்டால் அது வெறும் தாளாகவே உனக்கு வரும், கோபப்படாதே.

ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், உன் கையில் எடுத்த வேலை கூடி வரட்டும், தாயின் முத்தம் உன் நெற்றியில்.

உன் அம்மா,
பெர்னீஸ் கோவார்

ட்ராய், அம்மா எழுதினது எல்லாம் நெஜம். ஒண்ணு மட்டும் தப்பு, அது நான் அவகிட்டச் சொன்ன பொய். காத்து மாறல. நான் போய் நின்னதுலேருந்தே என் முதுகுலதான் அடிச்சுது.
அப்பா